ஆத்தா வீட்டில் இருபத்திரண்டு வாளி

14-07-2024, வாசகர் கேள்வி

எங்கள் மாமியாருக்கு 74 வயது. தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள். கரண்டு பில் ஏறும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு ஓலை விசிறியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆடித் தள்ளுபடி போர்டைப் பார்த்தால் மட்டும் கை நிற்காது. போன வருடம் ஒரு டஜன் பெட்ஷீட், எட்டு பிளாஸ்டிக் குடம். வீட்டுக்கு வந்து தங்குகிறவர் யாருமில்லை. இது கஞ்சத்தனமா, ஊதாரித்தனமா, வயதான கோளாறா? இந்த ஆடிக்குள் நிறுத்தியாக வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

14-07-2024, இரவு

அனுபவப்பட்டவள்தான் எழுதுகிறேன். எங்கள் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, 78. ஊர் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பதினொரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான பதினொரு குடும்பத்துக்கு, பங்குள்ள வீடு. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி மற்றவர்கள் அறையெல்லாம் பூட்டிக் கிடக்க, ஆத்தா ஒருவர் மட்டும் இருக்கிறார்.

போன மாதம் போயிருந்தபோது எண்ணினேன். பிளாஸ்டிக் வாளி 22, அதில் ஒன்பதுக்கு ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. குளியல் சோப்பு 140. பிரஷர் குக்கர் ஐந்து. கடலை எண்ணெய் 15 கிலோ டின் மூன்று. ஒரு ஆளுக்கு.

இதே ஆத்தா பால் பாக்கெட்டைக் கத்தரித்து, கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காய வைப்பார். கிலோ சேர்ந்ததும் பழைய பேப்பர்காரருக்குப் போகும். தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் மளிகைக் கணக்கு. பூச்சரம் கட்டி வந்த நூல்கூட உருண்டையாகச் சுற்றி சாமி வீட்டு மாடத்தில் இருக்கும்.

கஞ்சத்தனமும் ஊதாரித்தனமும் எப்படி ஒரே ஆளிடம் என்று கேட்கிறீர்கள். ஆத்தா கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பத்து ரூபாய் கொடுத்து ஷேர் ஆட்டோவில் வந்தால் பத்து ரூபாய் வீண். 300 ரூபாய் வாளி 180க்குக் கிடைக்கும்போது வாங்காமல் வந்தால் 120 ரூபாய் வீண். சேமித்துவிட்டு வந்த முகத்தோடுதான் வாளியைக் கீழே வைப்பார்.

நானும் நிறுத்தப் பார்த்தேன். நான் செய்த மாதிரி மட்டும் செய்துவிடாதீர்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

16-07-2024

2022 பங்குனியில் கண்புரை ஆபரேஷனுக்கு ஆத்தாவைச் சென்னையில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இங்கே நான் ஆள் வைத்து வீட்டைக் காலி செய்தேன். மூன்று நாள் வேலை. கெட்டுப்போன மளிகையைக் கொட்டினோம். சாமான் அறையில் இருந்த எவர்சில்வர், பித்தளை, மங்குச் (பீங்கான்) சாமானை வீட்டுக்கே வந்த வியாபாரியிடம் கிலோக் கணக்கில் போட்டேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

ஆத்தா திரும்பி வந்த அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. காபி குடித்தார். சொட்டு மருந்து போட்டுக்கொண்டார். சாயங்காலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "புள்ளி வச்சுப் பேர் வெட்டுன அடுக்குச் சட்டி எங்க ஆத்தா?"

அந்த அடுக்கு ஆத்தாவின் அம்மா, அதாவது என் ஆயா, ஆத்தாவின் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது. சட்டியின் விளிம்புக்குக் கீழே, உளியால் தட்டிய சின்னச் சின்னக் குழிகளாக, ஆயா பேரின் முதலெழுத்தும் ஆத்தா பேரின் முதலெழுத்தும். எடை போடுகிறவர் கையில் இருந்தபோது அந்தக் குழிகளை என் கண்ணாலேயே பார்த்தேன். எழுத்து என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். மறுநாள் வியாபாரியைத் தேடிப் பிடித்தபோது அது கைமாறிப் போயிருந்தது.

ஆறே மாதத்தில் அலமாரி மறுபடி நிறைந்தது, முன்னைவிட வேகமாக. 14ஆம் தேதி நான் எழுதிய கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு வந்த சாமான். அவர்களுக்குத் தெரியாமல் ஒரு சாமானும் வெளியே போகக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

18-07-2024

"இத்தனை வாளி எதற்கு என்று ஆத்தாவிடமே கேட்கக் கூடாதா ஆச்சி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டேன். பதில்: "கிடந்துட்டுப் போகுது, சோறா கேக்குது?"

இந்தப் பதிலோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண் பிறந்த நாளிலிருந்து சாமான் சேரும். ஒரு வருடம் தாம்பாளம், ஒரு வருடம் தூக்குச் சட்டி, பர்மாவிலிருந்தோ மலாயாவிலிருந்தோ ஆள் வந்தால் மங்குத் தட்டு. ஒற்றையாக வாங்கிப் பழக்கமில்லை, டஜன்தான். கல்யாணத்தன்று அத்தனையும் பரப்பி வைத்து ஊர் பார்க்கும். பதினெட்டு, இருபது வருடம் கழித்து வரப்போகும் ஒரு நாளுக்காக இன்றைக்கே, விலை குறைவாக இருக்கும்போதே வாங்கி வைக்கிற வேலை அது. அதில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள் எங்கள் ஆயா.

கல்யாணமான பிறகு தனிக் குடும்பமாக வேறு வைப்பார்கள். ஒரே வீட்டில் இருந்தாலும் புள்ளிக்குப் புள்ளி தனி அடுப்பு, தனிக் கணக்கு. ஒரு வருடத்துக்கு இத்தனை கலம் நெல், இத்தனை படி பருப்பு, இவ்வளவு புளி, மிளகாய் என்று ஆள் எண்ணித்தான் அளப்பார்கள். ஆத்தா புதுப்பெண்ணாக வந்தபோது எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் ஏழு அடுப்பு எரிந்திருக்கிறது.

ஆத்தா கை இன்னும் ஏழு அடுப்புக்குத்தான் அளக்கிறது. வாங்குகிற அளவு அப்படியே இருக்க, சாப்பிட இருந்த ஆட்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டோம்.

19-07-2024

"செட்டியார் வீட்டுப் புத்தி" என்று ஒருவர் எழுதியதற்கு: இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், வேறு ஜாதி. ரேஷன் கடைச் சாக்கு 60 மடித்து வைத்திருக்கிறார். 1960களின் நடுவில் அரிசிக்கு அலைந்தவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. "ரூபாய்க்கு ஒரு படி நிச்சயம்" என்ற பேச்சு 1967 தேர்தலில் ஆட்சியையே மாற்றியது என்றால் வயிறு எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும். ஆத்தாவுக்கு அப்போது 21 வயது, கையில் குழந்தை.

23-07-2024

பர்மா பற்றிக் கேட்டிருந்தார்கள். வீட்டில் கேட்டு வளர்ந்ததையும் எல்லோரும் அறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய கால்வாசி நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் போய் வந்த நிலம் அது. வாங்கிச் சேர்த்ததென்று சொல்ல முடியாது. 1942இல் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். ஆத்தாவின் அப்பச்சி (அப்பா), எனக்கு ஐயா, காட்டு வழியாக நடந்து வந்தவர்களில் ஒருவர். சண்டை முடிந்து திரும்பப் போனார். 1962இல் ராணுவ ஆட்சி. 1964இல் ஐம்பது கியாத், நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஐயா வெறுங்கையோடு வந்து இறங்கினார். அதற்கு அடுத்த வருடம் ஆத்தாவுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் குறை இல்லாமல் சாமான் பரப்ப முடிந்தது, ஆயா அதற்கு முன்பே வாங்கி அடுக்கி வைத்திருந்த பித்தளையாலும் எவர்சில்வராலும்தான்.

நோட்டு ஒரே ராத்திரியில் காகிதமாகும், சட்டி சட்டியாகவே இருக்கும் என்பதை ஆத்தா 19 வயதில் கண்ணால் பார்த்தவர்.

இன்னொன்றும் நடந்தது. 2018இல் கொத்தமல்லி விதை டப்பாவைக் கொட்டியபோது அடியில் ஒரு துணி முடிச்சு. உள்ளே பழைய 500 ரூபாய் நோட்டு 23. வங்கியில் கட்டுகிற கெடு 2016 டிசம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆத்தா அழவில்லை. ஒவ்வொன்றாக நீவி எண்ணினார். 11,500. "ஐயா கதைதான்" என்று சொல்லி மறுபடி முடிச்சுப் போட்டார். அந்த வாரமே இரண்டு குக்கர் வாங்கினார்.

02-08-2024

வரலாறு போதும், எது கெடும் எது கெடாது என்று சொல்லுங்கள் என்கிறார் ஒரு தங்கச்சி. நியாயம்.

அரிசி பழசானால் நல்லது, சோறு குழையாது. வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டால் வண்டு குறையும். துவரம் பருப்பை வெயிலில் காய வைத்து விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால் தாங்கும். புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கினால் அடுத்த புளி வரும்வரை இருக்கும், நிறம்தான் கறுக்கும். சோப்பு காய்ந்தால் சீக்கிரம் கரையாது என்று ஆத்தா சொல்வது சரி.

எண்ணெய் காறிப்போகும். மூன்று டின்னில் ஒன்றைத் திறந்ததும் பழைய வார்னிஷ் மாதிரி ஒரு வாடை. அதில் பலகாரம் சுட்டுக் கோயிலுக்குக் கொடுக்க இருந்தார், கெஞ்சித் தடுத்தேன். குக்கர் காஸ்கட் பயன்படுத்தாமல் கிடந்தாலும் விறைத்துப்போகும். பேட்டரி கசிந்து, வைத்த டார்ச்சையும் சேர்த்துக் கெடுக்கும். அரைத்து வைத்த மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் மணம் போய் வெறும் தூள்தான்.

எழுதும்போதே தோன்றுகிறது. பழைய ஆட்கள் மொத்தமாக வாங்கியது விளைச்சலைப் பார்த்து. மாசி, பங்குனியில் புளி வரும், மிளகாய் வரும். அப்போது வாங்கிக் காய வைக்கவில்லை என்றால் ஐப்பசி மழையில் எங்கே போவது? ஆடித் தள்ளுபடியில் விளைச்சல் எங்கே இருக்கிறது? ஆடியில் கல்யாணம் இல்லை, கடையில் சரக்கு தேங்கும், அதைத் தள்ளுவதற்காக விலையைக் குறைக்கிறார்கள். அதையும் விளைச்சல் என்று எண்ணித்தான் ஆத்தா பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.

11-08-2024

இதை எழுதலாமா என்று சில நாளாக யோசித்தேன். மற்றதெல்லாம் இடத்தை அடைக்கிற சங்கதி. இது உடம்பு.

ஆத்தாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மொத்தமாக வாங்கினால் இருபது சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கடையில் சொல்ல, ஒரு வருடத்துக்கு வாங்கிவிட்டார். நாலு மாதத்தில் கணுக்கால் இரண்டும் வீங்கின. அந்த மாத்திரையால் சிலருக்கு அப்படி ஆவதுண்டு. டாக்டர் அதை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார். புதுச் சீட்டுக்கும் ஆத்தா மாத்திரை வாங்கினார், வாங்கி பீரோவில் வைத்தார். பழசு எட்டு மாதத்துக்கு மிச்சம் இருக்கிறதே, அது முடியட்டும் என்று அதையே விழுங்கிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குத் தெரியாது. வீக்கம் வடியவில்லை. சிறுநீரகமா, இதயமா என்று டாக்டருக்குச் சந்தேகம். ரத்தப் பரிசோதனை, எக்கோ, மறுபடி ரத்தப் பரிசோதனை. எனக்கு இரண்டு மாதம் தூக்கமில்லை. போன வாரம் தலையணை உறை மாற்றும்போது அடியில் காலி அட்டை. தேதி போட்டு, வரிசையாக, ரப்பர் பேண்டு கட்டி. பழைய மாத்திரை.

"கொட்டுனா பாவம்ல" என்றார். மிச்சமிருந்த மாத்திரையின் விலை அறுநூறு ரூபாய்க்குள். பரிசோதனைக்கு ஆன செலவு 7,400.

நான் கத்திவிட்டேன். அறுநூறு ரூபாய்க்கு உங்கள் காலை அடகு வைத்தீர்களா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கோபம் சரியான கோபம்தான், இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வாளியை அல்ல. மாத்திரை டப்பாவைப் பாருங்கள். கடைசியாக டாக்டர் எழுதிய சீட்டோடு அட்டையை வைத்துச் சரிபாருங்கள். சீட்டில் இல்லாதது தெரிந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும்.

12-08-2024

ஃபேன் விஷயம் மறந்துவிட்டது. மாமியாரைத் திட்ட வேண்டாம். கரண்டு பில்லை உங்கள் போனிலிருந்து நீங்களே கட்டுங்கள். அவர்கள் கண்ணில் பில்லே படக் கூடாது. எங்கள் வீட்டில் இது பாதிக்கு வேலை செய்தது. மத்தியானம் ஃபேன் ஓடுகிறது, ராத்திரி இன்னும் இல்லை.

29-09-2024

இரண்டு மாதம் முன்பு எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். தேவையில்லாமல் சேர்த்தார் என்ற மாதிரியே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். 2020 மார்ச் 25 ஊரடங்கை எப்படி மறந்தேன்?

அந்த ஏப்ரலில் எங்கள் தெருவில் ஐந்து வீட்டுக்கு அரிசியும் பருப்பும் சோப்பும் ஆத்தாதான் கொடுத்தார். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகக் காசில்லை. முகப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து படியால் அளந்தார். நிறைத்து, தலைதட்டாமல், கும்பாச்சியாக. காலண்டர் தாளில் பெயரும் அளவும் எழுதினார். திரும்பக் கேட்பதற்காக எழுதினார் என்று நினைத்தேன். மே மாதம் ஒரு அம்மா பணம் கொண்டு வந்தபோது, "கணக்குக்கு எழுதுனேன், கடனுக்கு எழுதல" என்று திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு நாங்கள் வாயைத் திறந்தாலே, "அன்னைக்கு யார் குடுத்தா?" என்பார். அதற்கு எங்களிடம் பதில் கிடையாது. உண்மை அதுதான். ஆனால் அந்த ஐந்து வீட்டுக்கும் போனது அரிசியும் பருப்பும் சோப்பும். ஒரு வாளிகூட யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆளுக்காகச் சேர்த்தது, விலைக்காகச் சேர்த்தது என்று இரண்டாகப் பிரிக்கலாமோ? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

05-11-2024

தீபாவளிக்குப் போய் ஐந்து நாள் தங்கினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

"எனக்கு ஐந்தொகை எழுதச் சொல்லித் தாங்க" என்று ஆத்தாவிடம் கேட்டேன். ஐந்தொகை என்றால் இருப்புக் கணக்கு. நிஜமாகவே எனக்கு எழுதத் தெரியாது. ஆத்தா ஐயாவிடம் கற்றவர். பெண் பிள்ளையானாலும் பேரேடு படிக்கத் தெரிய வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒரு நீள நோட்டு வாங்கிப் போயிருந்தேன். மேலே "உ", அதன் கீழே "சிவமயம்". பிறகு கோடு போடச் சொன்னார். சாமான், கையிருப்பு, வாங்கிய வருடம், விலை. கடைசிக் கட்டத்தை மட்டும் நான் கேட்டுச் சேர்த்தேன்: யாருக்கு.

ஆத்தா சொல்ல நான் எழுதினேன். வெள்ளிக் கிண்ணம் இரண்டு, பேத்திக்கு. பித்தளைத் தவலை, அண்ணன் வீட்டுக்கு. மங்குத் தட்டு பதினாலு, உடைசல் நீக்கிப் பத்து, எனக்கு. ஒவ்வொன்றும் எந்த ஊரில், யார் கல்யாணத்துக்குப் போன வழியில் வாங்கியது என்றுகூட ஞாபகம் இருக்கிறது. நாற்பது வரி வரை யோசிக்காமல் வந்தது.

வாளிக்கு வந்தோம். முதல் ஆறுக்கு ஆள் சொன்னார். ஏழாவதைக் கையில் எடுத்தார். ஸ்டிக்கர் ஓரத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன், எதுவும் சொல்லவில்லை. வெளியே யார் வீட்டிலோ சரம் வெடித்து முடிந்தது.

"இதுக்கு ஆள் இல்லை" என்றார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சொன்னார், கோடுகூட இழுக்க விடவில்லை.

மறுநாள் காலையில் அவரே சொன்னார். ஆறு வாளி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, நாலு கோயிலுக்கு, மூன்று ஊரடங்கில் படி வாங்கிப் போன வீடுகளுக்கு. ஸ்டிக்கர் இருப்பதை ஸ்டிக்கரோடுதான் கொடுக்க வேண்டும், பழசு என்று நினைக்கக் கூடாது. எண்ணெய் டின்னைக் கொட்ட மட்டும் சம்மதிக்கவில்லை. விளக்குக்கு ஆகும் என்றார். காறின எண்ணெயில் விளக்கு எரியத்தான் செய்யும், விட்டுவிட்டேன்.

சாமான் அறையில் அடுக்குச் சட்டி இருந்த தட்டு 2022இலிருந்து காலி. அதில் எதையும் வைக்காமலேயே வைத்திருக்கிறார் என்பதை இந்தத் தடவைதான் கவனித்தேன். அதற்கும் நோட்டில் ஒரு வரி போடச் சொன்னார். கையிருப்பு: இல்லை.

19-01-2025

முதலில் கேள்வி கேட்ட தங்கச்சி பொங்கலுக்கு தேவகோட்டை போய் வந்து எழுதியிருக்கிறார். மாமியாரிடம் பெட்ஷீட் யாருக்கு என்று கேட்டாராம். மாமியார் விரல் மடக்கிச் சொன்னார்களாம்: மூன்று மகன், மூன்று மருமகள், பேரன் பேத்தி ஆறு பேர். பன்னிரண்டு. எல்லோரும் ஒருசேர வந்து தங்கி நாலு வருடம் ஆகிவிட்டதாம். எட்டுக் குடம் யாருக்கு என்று கேட்டதற்கு, "சும்மா, விலை குறைச்சலா இருந்துச்சு" என்றார்களாம்.

குடத்தை இந்த ஆடிக்கு முன்னால் பேசி அனுப்பிவிடுங்கள் தங்கச்சி. பெட்ஷீட்டில் கை வைக்காதீர்கள். மே மாதம் பள்ளிக்கூட லீவில் பன்னிரண்டு பேரும் போய் விரித்துப் படுங்கள்.

ஆத்தாவின் கால் வீக்கம் கார்த்திகையிலேயே வடிந்துவிட்டது. மாதா மாதம் மாத்திரையை நானே வாங்கிக் கொண்டு போகிறேன். நேற்று போனில் பேசும்போது எவர்சில்வர் டம்ளர் டஜன் விலை குறைந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். நான் கேட்பதற்குள் அவரே, "உன் நோட்டுல எழுதிக்க, கோடி வீட்டுப் பொண்ணுக்குத் தையில கல்யாணம்" என்றார். எழுதிக்கொண்டேன்.